முன்பக்கம் படுத்திருக்கும், பின்பக்கம் நிற்கும்: திருகோணமலையில் ஒரு பிரேம் கடை

நீளமாக வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தேவையானதை முதலே சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக்குப் பதினாலு அங்குலத்தில் முதிரைச் சட்டம், இரண்டு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஆறு பழைய ரூபாத் தாள்களும் ஒரு முத்திரையும், கூலியும் சாமானுமாக 11,500 ரூபா. பத்து நாளில் தருவதாகச் சொன்னார், இருபத்தாறு நாள் ஆனது. தொலைபேசி எடுக்கவே மாட்டார். வேலை சுத்தம். குறை மூன்று இருக்கிறது, அதில் ஒன்று என் பிழை. குறையும் எழுதப் போவதால் கடைப் பெயரைப் போடவில்லை. சந்தைப் பக்கமிருந்து டச்சுக் குடாவுக்கு நடந்து போகிற வழியில், வாசலில் மக்கா படமும் பிள்ளையார் படமும் மாதா படமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்த ஒடுக்கமான கடை என்றால் ஊர்க்காரருக்கு விளங்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். முத்திரை சேர்க்கிற ஆள், ஆனால் தாள் காசு சேர்க்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் 1979இல் புதுத் தாள்கள் வந்தபோது 2, 5, 10, 20, 50, 100 என்று வகைக்கு ஒன்றாக ஆறையும் எடுத்து ஒரு சீஆர் கொப்பிக்குள் வைத்துவிட்டார். கூட்டிப் பார்த்தால் 187 ரூபா. அம்மா இன்றைக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுவார். அந்த நாளில் 187 ரூபா என்றால் என்னவென்று தெரியுமா, வீட்டில் அரிசி இல்லாத மாதத்திலும் மனுசன் கொப்பியைத் திறக்கவில்லை என்பார். இரண்டு தடவை இடம்பெயர்ந்தபோதும் அந்தக் கொப்பி கூடவே வந்தது.

அந்தத் தாள்களை வரைந்தவர் லக்கி சேனாநாயக்க. பெயர் தெரியாதவர்களும் அவர் கையைப் பார்த்திருப்பார்கள். தம்புள்ளைப் பக்கம் கந்தலம ஹோட்டல் படிக்கட்டுக்கு மேலே சிறகை விரித்து நிற்கிற பெரிய ஆந்தை, காலியில் லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல் படிக்கட்டில் சண்டை போட்டுக்கொண்டே ஏறுகிற போர்வீரர்கள், இரண்டும் அவர் செய்தவை. 1937இல் பிறந்து 2021இல் இறந்தார். தாயார் புளோரன்ஸ் சேனாநாயக்க, 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவான இடதுசாரி, சமசமாஜக் கட்சிக்காரர். மகன் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைபடம் போட்டவர். கட்டட வரைபடத்தில் மரம் என்றால் வட்டம் போட்டு விட்டுவிடுவதுதான் வழக்கம், இவரோ ஒவ்வொரு மரத்தையும் இலை இலையாக வரைந்து வைத்திருக்கிறார். பிறகு தம்புள்ளைக்குக் கிட்ட தியபுபுல என்ற இடத்தில் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே குடியிருந்துவிட்டார். நாங்கள் கொழும்புக்குப் போகிற பஸ் கந்தளாய், ஹபரணை தாண்டி அந்தப் பக்கமாகத்தான் போகும். எத்தனை தடவை தூங்கிக்கொண்டே அந்த இடத்தைக் கடந்திருப்பேனோ தெரியாது.

அவருடைய தாள்களில் ஒரு மனிதத் தலை கிடையாது. அதற்கு முந்தின தாள்களில் ஆறாம் ஜோர்ஜ், எலிசபெத், பராக்கிரமபாகு சிலை, பண்டாரநாயக்க என்று யாராவது ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1979இல் திடீரென்று எல்லாரும் காணாமல் போய் மீன், வண்ணத்துப்பூச்சி, ஓணான், பறவை, குரங்கு, பாம்பு என்று வந்து நின்றன. இரண்டு ரூபாவில் மீன். ஐந்து ரூபாவின் பின்பக்கம் பறக்கும் அணில். நூறு ரூபாவில் பாம்பு, அதைச் சம்பள நாளில் கையில் வாங்கியபோது அப்பா ஒரு நிமிடம் யோசித்தாராம்.

ஆனால் என்னைக் கடை கடையாக அலைய வைத்தது இந்த மிருகங்கள் இல்லை. அந்தத் தாள்களின் முன்பக்கம் வழக்கம்போலக் கிடையாக இருக்கும், திருப்பினால் பின்பக்கம் நிலைக்குத்தாக நிற்கும். கையில் வைத்துப் பார்க்கும்போது அது ஒரு சோலியே இல்லை, தாளைத் திருப்பி, கையையும் கொஞ்சம் திருப்பினால் சரி. மரம் தன் உயரத்துக்கு நிற்க இடம் கிடைத்ததுபோல வடிவாக இருக்கும். சுவரில் மாட்டப் போனால்தான் தலைவலி. முன்பக்கம் தெரிய மாட்டினால் பின்பக்கம் சுவரோடு போய்விடும். இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டுத் திருப்பி மாட்டலாம் என்றால், அணிலும் மரமும் பக்கவாட்டில் விழுந்து கிடக்கும்.

(இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். உங்கள் பையில் இருக்கிற ஆயிரத்தை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் றம்பொடைச் சுரங்கப் பாதையும் ஒரு குட்டிக் கிளியும் கிடையாக இருக்கும், பின்பக்கம் நடனக்காரர் நேராக நிற்பார். 2011இல் புழக்கத்துக்கு வந்த அந்த வரிசை முழுவதும் அப்படித்தான். லக்கியின் தாள்கள் போய்விட்டன, திருப்புகிற பழக்கம் மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.)

முதலில் போனது வேறொரு கடைக்கு. அளவு பார்க்க என்று இரண்டு ரூபாத் தாளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் போனால், “பழுதாகாமல் இருக்கும் மிஸ்” என்று சிரித்துக்கொண்டே லமினேட் பண்ணிக் கையில் தந்தார்கள். கேட்கவில்லை, சொல்லவில்லை. சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக், இனி உரித்தால் தாளும் சேர்ந்து வரும். லக்கியின் மீன்கள் திருவிழாக் கடையில் விற்கிற பொலித்தீன் பை மீன்கள் மாதிரி ஆகிவிட்டன. தாள் காசைத் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரிகிற ஒரு சொரசொரப்பு இருக்கும், செதுக்கிய தகட்டில் மையை நிரப்பிப் பெரிய அழுத்தத்தில் அச்சடிப்பதால் மை தாளுக்கு மேலே மேடாக நிற்கும். அதுவும் போயிற்று. அன்றைக்கு நான் கதைத்த கதைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் எழுதிக் கொடுக்காமல், “எதுவும் செய்ய வேண்டாம்” என்று வாயால்கூடச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தது என் பிழை. மூன்று குறையில் என்னுடையது இதுதான்.

அதனால் முதலில் சொன்ன ஒடுக்கமான கடைக்கு, நானாவிடம் (முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போனபோது தாள்களைக் கையை விட்டுக் கொடுக்கவில்லை. கொப்பியைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சர், நான் தொடேல்ல, நீங்களே திருப்பிக் காட்டுங்க” என்றார். அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது.

ஐந்து ரூபாவை எடுத்து முன்பக்கம் காட்டினேன். திருப்பினேன். அவர் தலையைச் சாய்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளைத் தொடாமல் தன் கையால் காற்றில் ஒரு கால் வட்டம் சுற்றிக் காட்டினார், அப்படித் திருப்பச் சொல்லி. அணில் நேரானது. “ஆறும் இப்படியா?” என்றார். ஆறையும் வரிசையாகக் காட்டினேன், ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சுற்றினால் நேராகிறது என்று பென்சிலால் ஒரு மட்டையில் அம்புக்குறி போட்டுக்கொண்டார். முப்பது வருஷமாகப் பிரேம் போடுகிறாராம், படத்துக்கு மேல் பக்கம் எது என்று கேட்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை என்றார்.

பிறகு அவர் யோசித்ததுதான் இந்தக் கடைக்கு நான் மார்க் போடுகிற இடம். வழக்கமாகப் பிரேமுக்கு மேல் சட்டத்தில் இரண்டு வளையம் போடுவார்கள். இவர் நீளச் சட்டத்தில் இரண்டு, குறுகின சட்டத்தில் இரண்டு என்று நாலு பித்தளை வளையம் போடலாம் என்றார். முன்பக்கம் பார்க்க வேண்டுமானால் கிடையாக மாட்டுவது, பின்பக்கம் பார்க்க வேண்டுமானால் பிரேமைத் திருப்பி, கால் வட்டம் சுற்றி, நெடுக்காக மாட்டுவது. அதாவது கையில் தாளை என்ன செய்வோமோ அதையே முழுப் பிரேமுக்கும் செய்வது. ஒரு வெறும் பிரேமுக்குள் தன் லாச்சியிலிருந்த ஆயிரம் ரூபாவைச் செருகி, ஆணியில் மாட்டி, திருப்பி, சுற்றி, மறுபடி மாட்டிக் காட்டினார். நடனக்காரர் நேராக நின்றார். கடையில் படம் வாங்க வந்த இரண்டு பேர் கை தட்டாத குறை.

கரைக் கடைகளில் வேலை தெரிந்த ஆள் எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு உதாரணம், இரும்பு வளையத்தை அவர் கையிலேயே எடுக்கவில்லை. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு ஒரு வாடைக் காலம் தாங்காது, துரு வழிந்து மட்டையில் இறங்கிவிடும். சட்டத்துக்கு முதலில் தங்க நிறத்தில் பூவேலை செய்த பிளாஸ்டிக் பீடிங்கைத்தான் காட்டினார், கலியாணப் படத்துக்குப் போடுவது. வேண்டாம் என்றேன். இன்னொன்று காட்டினார், அதைவிடப் பெரிய பூ. வேண்டாம் என்றேன். கடைசியில் பின்னாலிருந்து பழைய வீட்டுக் கதவொன்று உடைத்தபோது வாங்கி வைத்த முதிரைச் சட்டத்தை எடுத்து வந்து சீவிக் காட்டினார். அந்த மஞ்சளைப் பார்த்தபிறகு வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் இதே மனுசன்தான், தாள்களை எப்படிப் பிடித்து வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது, கண் இமைக்காமல் “டபுள் டேப்” என்றார். நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடை மணிக்கூடு திருத்துகிற ஐயா எட்டிப் பார்த்தார். பழைய தாள், முத்திரை, கடிதம் எதற்கும் பசை, டேப் எதுவும் படவே கூடாது. கொஞ்ச வருஷத்தில் பசை மஞ்சளாகி ஊறிவிடும். மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பதும் கூடாது, அது வியர்த்து மையை இழுக்கும். பொலியெஸ்டர் தாளில் முக்கோணம் வெட்டி, நாலு மூலையையும் அதற்குள் செருகி வைத்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். கண்ணாடியும் தாளில் தொடக் கூடாது, புழுக்கத்தில் உள்ளே ஈரம் கட்டினால் தாள் கண்ணாடியோடு ஒட்டிவிடும். இதையெல்லாம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். ஆனால் அப்படியே செய்தார், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் அக்ரிலிக் பட்டி வைத்து இடைவெளி விட்டிருக்கிறார். சொன்னால் கேட்கிற கடை, சொல்லாவிட்டால் டபுள் டேப்தான். போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

லமினேட் ஆன இரண்டு ரூபாவுக்குப் பதில் நல்லதாக ஒன்று வாங்கி வைக்கலாமே என்று அவரே கேட்டார். சேர்க்கிறவர்களிடம் கிடைக்கும், தேடினால். ஆனால் அது அப்பாவின் தாள் ஆகாது. அதையே வைக்கச் சொன்னேன். அது மட்டும் பளபளத்துக்கொண்டு இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஐந்து தாள் தெரியும், ஆறாவது இடத்தில் யன்னல் தெரியும்.

நடுவில் ஒரு முத்திரை என்றேன் அல்லவா. அது அப்பாவின் உண்மையான செல்லம். 1935இல் இலங்கை வெளியிட்ட படமுத்திரை வரிசை ஒன்று உண்டு, 1938இல் அரசன் தலையை மாற்றி ஆறாம் ஜோர்ஜோடு மறுபடி வந்தது. 2 சதத்துக்கு றப்பர் பால் வெட்டுதல், 3 சதத்துக்குச் சிவனொளிபாதமலை, 6 சதத்துக்குக் கொழும்புத் துறைமுகம், 50 சதத்துக்குக் காட்டு யானைகள். ஒரு ரூபாவுக்குத் திருகோணமலை! கொழும்புக்கு ஆறு சதம், எங்களுக்கு நூறு சதம் என்று அப்பா யாரைக் கண்டாலும் சொல்லுவார். நீல ஊதாவும் சாக்லேட்டும் சேர்ந்த இரட்டை நிறம். சின்ன முத்திரையில் இரண்டு நிறம் என்றால் இரண்டு தரம் அச்சுக்குப் போய், இரண்டும் ஒரு மயிரிழை விலகாமல் பொருந்த வேண்டும்.

நானா மணிக்கூட்டு ஐயாவிடம் கண்ணில் வைக்கிற லென்ஸைக் கடன் வாங்கி அந்த முத்திரையைப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பிரேமை மறந்தே போனார். இது உவர்மலைப் பக்கமிருந்து பார்த்ததா, சீனன்குடாப் பக்கமா என்று ஒரு வழக்கு ஆரம்பித்தது. மணிக்கூட்டு ஐயா ஒரு பக்கம், படம் வாங்க வந்தவர் ஒரு பக்கம், தேத்தண்ணி கொண்டுவந்த பெடியன் மூன்றாவது பக்கம். லென்ஸ் ஒன்றுதான், அதனால் வரிசை. நான் வீட்டுக்குப் போகும்போது ஒரு மணி தாண்டிவிட்டது, வழக்கு முடியவில்லை. இருபத்தாறு நாள் ஏன் ஆனது என்று இப்போது உங்களுக்கு ஓரளவு விளங்கியிருக்கும்.

அங்கே நின்ற நேரத்தில் நான் என் பங்குக்கு வகுப்பும் எடுத்தேன், ஆசிரியர் தொழில் புத்தி. படம் வரைகிறவர் வேறு, அதை உருக்குத் தகட்டில் கண்ணாடிப் பிம்பமாக, கோடு கோடாக, புள்ளி புள்ளியாகச் செதுக்குகிறவர் வேறு. லக்கி வரைந்தவர், அச்சடித்தது இங்கிலாந்தில் பிராட்பரி வில்கின்சன். செதுக்குகிறவர்களில் ஒரு பெரிய ஆள் செஸ்லாவ் ஸ்லானியா, 1921இல் போலந்தில் பிறந்து சுவீடனில் குடியேறியவர், ஆயிரத்துக்கு மேல் முத்திரைகள் செதுக்கினார், ஆயிரமாவது வந்தது 2000ஆம் ஆண்டில். பல நாடுகளின் தாள் காசுகளுக்கும் செதுக்கியிருக்கிறார். உலகப் போர்க் காலத்தில் போலந்து எதிர்ப்பாளர்களுக்குப் போலி ஆவணம் செய்து கொடுத்த கை அது. அப்பாவின் அல்பத்தில் சுவீடன் முத்திரைகள் சில இருக்கின்றன, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீழ் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஸ்லானியாவின் பெயர் இருக்கும். எங்கள் தாள்களில் அப்படி இல்லை. நிதி அமைச்சரின் கையெழுத்து உண்டு, மத்திய வங்கி ஆளுநரின் கையெழுத்து உண்டு, வரைந்தவர் பெயர் கிடையாது. பத்து, இருபது என்று வருஷக் கணக்காக அவர் படத்தைக் கொடுத்து மரக்கறி வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

“பெயர் போட வேணும் டீச்சர், வேலை செய்தவன் பெயர் போட வேணும்” என்று நானா பலமாகத் தலையாட்டினார்.

போட்டார். பிரேம் எடுக்கப் போன அன்று கண்ணாடியின் வலது மூலையில், நூறு ரூபாவுக்குச் சரி கீழே, தங்க நிறத்தில் உள்ளங்கை அகல ஸ்டிக்கர். கடைப் பெயர், இரண்டு தொலைபேசி இலக்கம் (இரண்டையும் எடுக்க மாட்டார்), “உங்கள் திருப்தியே எங்கள் நோக்கம்”. இது இரண்டாவது குறை. உரிக்கச் சொன்னபோது உண்மையாகவே மனம் நொந்துவிட்டார். கடைசியில் சட்டத்தின் கீழ் விளிம்பில், தரையில் படுத்தால்தான் தெரிகிற இடத்தில் சின்னதாக ஒன்று ஒட்டிச் சமாதானம் ஆனோம். கண்ணாடியிலிருந்த பசையை அவர் பெற்றோலால் துடைத்த துடைப்பில் கடையே மணத்தது.

மற்றச் சின்ன விஷயங்கள்: பற்றுச்சீட்டு கேட்டால் மட்டும் தருவார். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குப் பூட்டுவார், மூன்று மணி வரை திறக்க மாட்டார். கரண்ட் நின்றால் வாள் ஓடாது, வேலையும் நிற்கும். மாதிரி மட்டை எதையும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். நான் கொழும்பிலிருந்து சொல்லி எடுப்பித்த அமிலமில்லாத மட்டையில் ஒரு மூலையைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று கடித்துக்கொண்டு போய்விட்டது. அதுவும் நல்ல மட்டையாகப் பார்த்து. பக்கத்தில் கிடந்த மலிவு மட்டையை அது திரும்பியும் பார்க்கவில்லை. மிச்சமிருந்ததில் அளவு சரிக்கட்டி நானா வெட்டினார், அதற்குக் காசு கூட்டவில்லை.

இப்போது பிரேம் எங்கள் வீட்டு நடு அறையில், வெயில் படாத சுவரில் இருக்கிறது. கிடையாக மாட்டினால் இரண்டு பத்தி, மூன்று வரிசை. திருப்பிச் சுற்றினால் மூன்று பத்தி, இரண்டு வரிசை, மரமும் அணிலும் நேராக நிற்கின்றன. மாதப் பிறப்பன்று மாற்றி மாட்டுவது என்று வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கனம் கொஞ்சம் கூட, இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது குறையைக் கண்டுபிடித்தது அம்மா. முத்திரையின் பின்பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பதால், அந்த இடத்தில் அப்பா அல்பத்தில் தன் கையால் எழுதி வைத்திருந்த சின்னத் துண்டை வைக்கச் சொல்லியிருந்தேன். “திருக்கோணமலை. 1 ரூபா.” அவ்வளவுதான். நானா தாள்கள் ஆறுக்கும் அம்புக்குறி போட்டார், துண்டுக்குப் போடவில்லை. பிரேமைத் திருப்பி நெடுக்காக மாட்டினால் மற்ற எல்லாம் நிமிர்ந்து நிற்க, அப்பாவின் எழுத்து மட்டும் படுத்துக் கிடக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தலையைச் சாய்த்து வாசித்துவிட்டு, “உவர் இங்கேயும் படுக்கையா” என்றார்.

போய்ச் சொன்னேன். நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். கூலி வேண்டாம், ஆனால் ஆணி, கண்ணாடி, பட்டி எல்லாம் கழற்ற வேண்டும், பெருநாள் வேலை தலைக்கு மேலே கிடக்கிறது, அது முடியட்டும் டீச்சர் என்றார். சரி, முடியட்டும் என்று வந்துவிட்டேன்.